கோழியைப் பிடித்தது யார்? பழி கீரிக்கு, தப்பு கொக்கிக்கு!

வங்கியில் 33 வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மேலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் விவசாயம் பார்க்கிறேன். நெல், உளுந்து, கொஞ்சம் காய்கறி, இரண்டு நாட்டு மாடு, நாட்டுக்கோழி. வங்கியில் இருந்தபோது கோழி வளர்ப்புக்கு எத்தனையோ கடன் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டகை, தீவனம், மருந்து, விற்பனை என்று எல்லாவற்றுக்கும் திட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கும். "ராத்திரி என்ன வந்து பிடிக்கும்?" என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இருக்காது. நானும் ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை ஒரு புரட்டாசி ராத்திரியில் கற்றுக்கொண்டேன்.

புரட்டாசியில் நம் பக்கம் கறி எடுப்பவர்கள் குறைவு. விலை இறங்கிவிடும். அதனால் தீபாவளிக்கு விற்கலாம் என்று கோழிகளை நிறுத்தி வைப்போம். அப்போது என் கூட்டில் 31 உருப்படி. எல்லாம் என்னுடையவை அல்ல. தோட்ட வேலைக்கு வரும் அக்கா ஒருவர் பக்கத்திலேயே குடியிருக்கிறார். அவர் வீட்டில் கூடு கட்ட இடமில்லாததால், அவருடைய கோழிகளும் என் கூட்டில்தான் அடையும். அந்த வருடம் அவர் மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை வரும்போது அடிக்க இரண்டு சேவல், மற்றதை விற்றுத் துணிமணி எடுப்பது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே இடி, மழை. ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மழைச் சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் கூட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளேயும் வெளியேயும் இறகு. 17 கோழி செத்துக் கிடந்தது. அதில் 9 அந்த அக்காவுடையது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "கீரி சார், கீரிதான். முட்டையில ஓட்டை போட்டு குருணை மருந்தை வச்சு விடுங்க. ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்." இயற்கை விவசாயம் என்று ஊரெல்லாம் பேசுகிறவன் நான். ஆனால் அந்த நேரத்து ஆத்திரத்தில், "வச்சா என்ன?" என்று எனக்கும் தோன்றியது உண்மை.

வங்கியில் ஒரு பழக்கம். பணம் குறைந்தால் முதலில் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது, வவுச்சரைப் பார்க்க வேண்டும். அதேபோல இறகை அள்ளுவதற்கு முன்னால் தரையைப் பார்த்தேன். ஈரமண்ணில் கால்தடம் பளிச்சென்று இருந்தது. நான்கு விரல், ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் நகம் குத்திய புள்ளி. கோழிகளில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. முதுகிலும் தொடையிலும் கடித்துக் குதறிப் போட்டிருந்தது. இது நாய்க் கூட்டத்தின் வேலை. கீரி பகலில் நடமாடும் பிராணி, ராத்திரியில் வளைக்குள் தூங்கும். சம்பவம் நடந்த நேரத்தில் அது அங்கே இல்லவே இல்லை. விஷம் வைத்திருந்தால், குற்றம் செய்யாத ஒன்றைக் கொன்றிருப்பேன். நாய்கள் மறுபடியும் வந்திருக்கும்.

கதவு எப்படித் திறந்தது? கொக்கி உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். நாய் முட்டித் தள்ளியதும் அவிழ்ந்துவிட்டது. அக்காவிடம் 9 கோழிக்கும் காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் சொன்னது: "காசு கெடக்கட்டும் சார். மொதல்ல அந்தக் கொக்கிய மாத்துங்க."

அன்றிலிருந்து நான் பார்த்தது, கேட்டது, செய்து பார்த்தது எல்லாவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். கோழி வைத்திருப்பவர்களுக்கும், வைக்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு பிராணியும் ஒரு கையெழுத்தை விட்டுவிட்டுப் போகும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நாய்: பல கோழிகள் ஒரே நேரத்தில் சாகும். பெரும்பாலும் தின்னாது. தடத்தில் நகம் தெரியும்.

காட்டுப்பூனை, வீட்டுப்பூனை: ஒன்றைப் பிடித்து, கழுத்தைக் கடித்து, தூக்கிக்கொண்டு போகும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தடத்தில் நகம் விழாது. கரும்புத் தோட்டம், கோரை மண்டிய கண்மாய்க்கரை ஓரங்களில் காட்டுப்பூனை அதிகம். விடியற்காலையும் அந்தி நேரமும் அதற்குத் தோதான நேரம்.

மரநாய்: ராத்திரியில் மட்டும் வரும். தரைவழியைவிடக் கூரை வழியாக, மரக்கிளை வழியாக இறங்குவதுதான் இதற்குப் பழக்கம். பனைமரம், பழைய ஓட்டு வீட்டுப் பரண், கீற்றுக் கொட்டகை இதன் இருப்பிடம். பழம்தான் முக்கிய உணவு. அதனால் கூரைமேல் அல்லது பாறைமேல் பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால், ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கிடைத்தால் கோழியையும் விடாது.

கீரி: பகலில் வரும். மேய்கிற குஞ்சு, அடையில் இருக்கும் கோழி, முட்டை இவைதான் குறி. முட்டையைக் கல்லில் அல்லது கட்டாந்தரையில் எறிந்து உடைத்துக் குடிக்கும். ஓடு சிதறிக் கிடக்கும்.

பாம்பு: முட்டை காணாமல் போயிருக்கும், ஓடு ஒரு துண்டுகூட இருக்காது. முழுசாக விழுங்கிவிடும். குஞ்சும் அப்படித்தான். உடம்பில் பெரிய காயம் இல்லாமல் அடைக்கோழி செத்துக் கிடந்தால், நல்லபாம்பு கொத்தியிருக்கலாம். அந்தக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள். உடும்பும் முட்டையை ஓட்டோடு விழுங்கும். ஆனால் அது பகலில் வரும்.

பெருச்சாளி, எலி: கூட்டின் அடியில் புதிதாக மண் தோண்டிய பொந்து இருக்கும். சின்னக் குஞ்சுகளைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பருந்து, வல்லூறு, காகம்: பகலில், திறந்த வெளியில், குஞ்சுகள்தான் இலக்கு. தாய்க்கோழி ஒரு மாதிரி நீட்டிக் கத்தி, குஞ்சுகள் எல்லாம் சிதறி ஒளிந்தால் மேலே பாருங்கள். மரத்தில் அடையும் கோழியை ராத்திரியில் பெரிய ஆந்தை பிடிப்பதும் உண்டு.

நரி: முன்பெல்லாம் எங்கள் பக்கம் ராத்திரியில் ஊளைச் சத்தம் கேட்கும். இப்போது கேட்பதே அபூர்வம். நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள், முழிக்க நரி வேண்டுமே!

விஷம் ஏன் கூடாது

முதல் காரணம், சட்டம். கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி, உடும்பு, நல்லபாம்பு, சாரைப்பாம்பு, பருந்து, மயில் எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொல்வதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் குற்றம். 'என் தோட்டத்துக்குள்தானே வந்தது' என்பது அங்கே செல்லாது.

இரண்டாவது, விஷம் ஆள் பார்த்துக் கொல்லாது. எங்களுக்கு நான்கு தோட்டம் தள்ளி ஒருவர் முட்டையில் குருணை வைத்தார். மறுநாள் செத்துக் கிடந்தது இரண்டு மயிலும் அவர் வீட்டு நாயும். கீரி மூன்றாம் நாள் வரப்பில் ஓடியதை நானே பார்த்தேன். எலி விஷமும் அப்படித்தான். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகை, ஆந்தை, பாம்பு எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேரும்.

மூன்றாவது, நம் வரவு செலவு. கீரி வருடத்துக்கு எனக்கு நாலைந்து குஞ்சு செலவு வைக்கும். ஆனால் வரப்பில் எலியும் பாம்பும் குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம். வயலில் எலி பிடிக்கக் கூகை வேண்டும் என்று பறவைத் தாங்கி நட்டு வைக்கிறோம். அதே ஆள் வீட்டுப் பின்புறம் வந்து குஞ்சுக்காக விஷம் வைத்தால் என்ன நியாயம்?

மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்தப் பாறைகளில் லகார் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. அந்த ஊர்களிலும் நம்மைப் போன்றவர்கள் கோழி வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இருக்க முடியும். அதற்கு வழி, வருகிறதைக் கொல்வது அல்ல. வந்தால் கிடைக்காதபடி செய்வது.

மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நினைக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட வேலியில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். சொந்த வேலியில் சொந்தக்காரரே செத்ததும் உண்டு.

ராத்திரிக் கூடு: பெட்டகம் மாதிரி இருக்க வேண்டும்

அமெரிக்காவில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ரக்கூன் என்ற பிராணி பெரிய தலைவலி. நம் ஊரில் அது கிடையாது. முன்னங்கால் விரல்களை மனுசன் கை மாதிரியே உபயோகித்து, சாதாரணக் கொக்கியைத் திறந்துவிடும். வலைக்கண்ணுக்குள் கையை விட்டுக் கோழியைப் பிடித்து இழுக்கும். அதனால் அங்கே ஒரு பாடம் எல்லோருக்கும் தெரியும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். ஆனால் வெளியில் இருப்பது உள்ளே வராமல் தடுக்காது. இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். அந்த வலையை நாய் பல்லால் கிழிக்கும், மரநாய் வளைக்கும், பாம்பும் எலியும் தாராளமாக நுழையும். அழகர்கோவில் அடிவாரத்தில் தோட்டம் இருப்பவர்களுக்குக் கொக்கி திறக்கும் கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குரங்கு இருக்கிறது.

புதிதாகக் கட்டியபோது நான் செய்தவை:

1. கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், கல் கால்மேல் வைத்தேன். அடித்தளம் இடைவெளி விட்ட மரச்சட்டம், அதன் அடியில் கம்பி வலை. எச்சம் கீழே விழும், அள்ளி எருக்குழியில் போடலாம். கால்களைச் சுற்றி ஒன்றரை அடிக்குத் தகரம் அடித்திருக்கிறேன். எலியும் பாம்பும் வழவழப்பான தகரத்தில் ஏற முடியாது.

2. பக்கமெல்லாம் அரை இஞ்ச் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த ஜி.ஐ. கம்பி வலை. ஆணியை மடக்கி அடிக்காமல், மேலே ஒரு சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். ஒரு பிராணியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பதை மனதில் வையுங்கள்.

3. கதவுக்கு இரண்டு பூட்டு. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், அதில் செருகும் ஒரு முள். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் தனியாகத் திறக்க முடியாது, இருவரும் சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எங்கள் கூட்டுக்கும் இரண்டு பேர். அக்கா பூட்டுவார், நான் போய்ப் பார்ப்பேன்.

4. கூட்டைத் தரையிலேயே வைத்திருப்பவர்கள், சுவரை ஒட்டி வெளிப்பக்கம் இரண்டடி அகலத்துக்குக் கம்பி வலையைப் படுக்கையாக விரித்து, மண் மூடிக் கல் வையுங்கள். தோண்டுகிற பிராணி சுவர் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். வலை தட்டியதும் விட்டுவிடும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

5. கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி வேண்டும், நம் சித்திரை வெயிலுக்கு அது அவசியம். ஆனால் அதையும் வலையால் மூட வேண்டும். மரநாய்க்கு அதுதான் வாசல். கூரைமேல் கிளை சாய்ந்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

6. இடநெருக்கடி கூடாது. பெரிய கோழிக்கு ராத்திரி தங்க ஒன்றரை சதுர அடி என்று வைத்தால், 20 கோழிக்கு 6 அடிக்கு 5 அடி கூடு போதும். இடம் பத்தாமல் போனால் சில கோழிகள் மரத்தில் ஏறி அடையும். அவைதான் முதலில் போகும்.

7. சுற்றிலும் பத்தடிக்குப் புதர், விறகு, ஓட்டுக் குவியல் வேண்டாம். வைக்கோல் படப்பும் தள்ளி இருக்கட்டும். ராத்திரியில் தீவனம் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், பிறகு பாம்பு முட்டையைக் கண்டுகொள்ளும்.

பகல் நேரமும் குஞ்சுகளும்

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்த பஞ்சாரத்துக்கு இணையான பாதுகாப்பு இன்னும் வரவில்லை. குஞ்சு பொரித்து முதல் மூன்று, நான்கு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். நாம் பக்கத்தில் வேலை பார்க்கும் நேரத்தில் மட்டும் திறந்து விடலாம். மூங்கில் பஞ்சாரத்தின்மேல் ஒரு கல் வைக்க மறக்க வேண்டாம். நாய் அதைப் புரட்டிவிடும்.

பருந்துக்கு மறைப்புதான் மருந்து. கூட்டின் முன்னால் அவரை, புடலை, கோவை எதற்காவது பந்தல் போடுங்கள். காயும் கிடைக்கும், கோழிக்கு நிழலும் கிடைக்கும், மேலிருந்து பார்ப்பதற்குக் குஞ்சும் தெரியாது. பந்தல் ஏறும்வரை மீன்பிடி நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடி இடைவெளியில் கட்டலாம். பழைய சிடி தொங்கவிடுவது நாலு நாளைக்கு வேலை செய்யும், அதற்குப் பிறகு பருந்து பழகிவிடும்.

தாய் நல்லதாக இருந்தால் பாதி காவல். என் அனுபவத்தில் சிறுவிடைப் பெட்டை அடையிலும் குஞ்சு காப்பதிலும் கெட்டி. கீரியையே எதிர்த்துப் பாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கினிக்கோழி ஒரு ஜோடி வைத்தால், புதிதாக எது வந்தாலும் ஊரைக் கூட்டும். சத்தம் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடை வைப்பதைத் தரையில் வைக்காதீர்கள். 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்காரும் கோழி, பாம்புக்கும் கீரிக்கும் சுலபமான இரை. வலை அடித்த தனிப் பெட்டியில் வையுங்கள். முட்டையை மத்தியானமும் சாயங்காலமுமாக இரண்டு வேளை எடுங்கள். கூட்டில் பாம்பைப் பார்த்தால் அடிக்க வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். தள்ளி நின்று 101-க்கு அழைத்தால் தீயணைப்பு வீரர்கள் வந்து பிடிப்பார்கள்.

நாய்ப் பிரச்சினை நம் கையிலும் இருக்கிறது

என் கோழிகளைக் கொன்றது காட்டுப் பிராணி அல்ல. கறிக்கடைக் கழிவை மூட்டையாகக் கட்டிக் கண்மாய்க் கரையிலும் சாலையோரத்திலும் கொட்டுகிறார்கள். அதைத் தின்று பழகிய நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. கொட்டுவதைத் தடுக்கவும், நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் கிராமசபையில் மனுக் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. நாமும் செத்த கோழியை வேலிக்கு அப்பால் வீசக்கூடாது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ருசி கண்ட நாய் திரும்பி வரும். வீட்டு நாயைக் குட்டியிலிருந்தே கோழிகளோடு பழக்கினால், அதுவே நல்ல காவல்.

இன்னொன்று. கோழி சாவதெல்லாம் பிராணியால் அல்ல. காயம் இல்லாமல் கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து சாகிறது என்றால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்குத் தடுப்பூசிதான் வழி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

சாயங்காலக் கணக்கு

கடைசியாக, காசு செலவில்லாத காவல். வங்கியில் அன்றைய கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு ரூபாய் இடித்தாலும் தேடுவோம். அதேபோல கோழி அடைகிற நேரத்தில் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றைக்கே தேடுங்கள். எங்காவது புதரில் முட்டையிட்டு அடை உட்கார்ந்திருக்கும், அல்லது ஒரு புதிய ஆள் வர ஆரம்பித்திருப்பான். ஒரு நோட்டில் தேதி, எண்ணிக்கை, என்ன அடையாளம் என்று எழுதினால், மூன்று மாதத்தில் உங்கள் தோட்டத்தில் யார் எப்போது வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்தப் புரட்டாசிக்குப் பிறகு ராத்திரியில் ஒரு கோழிகூடப் போகவில்லை. பகலில் குஞ்சு போகிறது. போன வருடம் பருந்துக்கு மூன்று, கீரிக்கு நான்கு. வங்கியில் வாராக்கடனுக்கு என்று கொஞ்சம் ஒதுக்குவோம் இல்லையா, அந்தக் கணக்கில் வைத்துவிட்டேன். அதே கீரிதானா தெரியாது, ஒரு கீரி இப்போதும் காலையில் மோட்டார் ரூம் பின்னால் ஓடுகிறது.

அக்காவின் கோழிகள் இப்போதும் என் கூட்டில்தான் அடைகின்றன. பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார்: "சார், இருபத்தியாறு. கொக்கி மாட்டியாச்சு." நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். நண்பர்களே, இன்றைக்கு உங்கள் கூட்டுக் கதவையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கயிறு கட்டியிருந்தால், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.